முதல் குளியல்

அற்புதமேரி அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். நர்ஸுகளுக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுக்க வந்த பர்வீன் அவரைவிட வயதில் இளையவர்.

முதல் வகுப்பு முடிந்ததும் அற்புதமேரி கேட்டார்.

"ஆராய்ச்சி எல்லாம் டாக்டருங்க வேலை. எங்களுக்கு எதுக்கு மேடம்?"

"உங்க வார்டுல எது உங்களுக்குக் கவலையா இருக்கு, சிஸ்டர்?"

"பிறந்த குழந்தைங்க சிலது சில்லிட்டுப் போயிடுது. போன வாரம் ஒண்ணு பால்கூடக் குடிக்கலை. பிழைச்சதே பெரிசு."

"என்ன காரணம்?"

"ஜன்னல் காத்து. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"அப்ப மூடிடுங்க. மூடிட்டு, குழந்தைங்க உடம்புச் சூட்டைப் பார்த்துட்டே வாங்க."

அற்புதமேரி மூடினார். அடுத்த வகுப்புக்கு முகம் வாடி வந்தார்.

"மூடியும் சில்லிடுது. ஒண்ணும் புரியலை."

"நல்லது. இனிமேதான் பார்க்க ஆரம்பிப்பீங்க" என்றார் பர்வீன்.

"இத்தனை வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கேன்?"

"ஜன்னலைத்தானே பார்த்தீங்க?"

அற்புதமேரிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாளிலிருந்து, பிறக்கும் குழந்தைகளின் கூடவே இருந்து கவனித்தார். சூடு இறங்கியதெல்லாம் முதல் குளியலுக்குப் பிறகுதான். குழந்தை டாக்டரிடமும் தாய்மாரிடமும் கேட்டுக்கொண்டு, சில குழந்தைகளுக்குக் குளியலை மறுநாளுக்குத் தள்ளினார். ஈரத்தைத் துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தினார். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் கதகதப்பாகவே இருந்தன.

மருத்துவமனைக் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. டாக்டர்களும் மற்ற நர்ஸுகளும் உள்ளே காத்திருந்தார்கள். அற்புதமேரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பிறந்த உடனே குளிப்பாட்டணும்னு இந்த வார்டுல சட்டம் போட்டவளே நான்தான் மேடம். சுத்தமா இருக்கட்டும்னு நினைச்சேன். எத்தனை குழந்தைங்களை என் கையாலேயே..."

அற்புதமேரி கதவு வழியே உள்ளே பார்த்தார்.

"உள்ளே இருக்கிற நர்ஸுங்க எல்லாம் நான் பழக்கினவங்க. அவங்க முன்னால இதை எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா எல்லாரும் கேட்டுக்குவாங்க."

"கேட்டுக்குவாங்க சிஸ்டர்" என்றார் பர்வீன். "ஆனா நீங்க சொன்னாத்தான் பிறந்ததும் குளிப்பாட்டறதை நிறுத்துவாங்க."