முள்ளியின் முதுகுப் பாய்

மூங்கிலும் நெல்லியும் மண்டிய ஒரு காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி இருந்தது. மகா பிடிவாதக்காரி. ஒன்றை மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மாட்டேன்தான்.

முள்ளிக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு, பிள்ளைகளே. ஆற்றங்கரைக் கோரைப்புல்லை அறுத்து, காயவைத்து, பாய் முடையும். யாரும் கேட்டு முடைவதில்லை. முடையும்போது மனசு நிறைந்திருக்கும், அவ்வளவுதான். பாதிப் பாய் கோணலாகத்தான் வரும். "கோணினால் என்ன? படுக்கப் போவது நான்தானே!" என்று சொல்லிக்கொள்ளும்.

அதன் கூட்டாளிகள் இருவர். சாப்பாட்டுப் பிரியனான கரடி, சுரைக்காயைக் குடைந்து அழகான குடுவை செய்யும். பயந்தாங்கொள்ளியான முயல், தேக்கிலைகளை ஈர்க்குக் குத்தித் தைத்துச் சாப்பாட்டு இலை செய்யும். மாதத்தில் ஒருநாள் மூன்றும் காலையிலேயே கிளம்பி நுரையருவிக்குப் போகும். கரடி தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு உருண்டை கொண்டுவரும். முயல் கீரை அடை தட்டி எடுத்துவரும். முள்ளி, சுடுபாறையில் வாட்டிய வள்ளிக்கிழங்கு கொண்டுவரும். ஆசை தீரக் குளித்து, வயிறு நிறையத் தின்று, வெயில் தாழ்ந்தபின் வீடு திரும்பும்.

ஒரு மாதம் அப்படிப் போகையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சிறுத்தை வழியை அடைத்துப் படுத்திருந்தது.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள் மூன்று பேரும்?"

"அருவிக்குத்தான் ஐயா" என்றது முயல். அதன் காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன.

"இது என் வழி. சும்மா போக முடியுமா? ஆளுக்குக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போங்கள்."

கரடி இரண்டு உருண்டை வைத்தது. முயல் ஓர் அடை வைத்தது. கூட்டாளிகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று முள்ளியும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கிழங்கை வைத்தது. அன்று முழுக்க அதற்கு அருவித் தண்ணீர்கூடக் குளிரவில்லை.

அடுத்த மாதம் சிறுத்தை பாதியைக் கேட்டது. அதற்கு அடுத்த மாதம் முழுவதையும் பிடுங்கிக்கொண்டது. தின்று முடித்ததும், கரடி பார்த்துப் பார்த்துக் குடைந்த குடுவையை விளையாட்டுக்கென்று காலால் மிதித்து நொறுக்கியது. கரடி ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி நடந்தது.

அதோடு பயணம் நின்றுபோயிற்று.

"போகாவிட்டால் என்ன? குகையிலேயே சமைத்து, குகையிலேயே சாப்பிடலாம்" என்றது கரடி.

"ஆமாம், ஆமாம்! அருவி எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றது முயல்.

முள்ளி மட்டும் எழுந்து தன் பாயை முடையப் போய்விட்டது.

பத்து நாள்கூட ஆகவில்லை. சிறுத்தை கரடியின் குகைக்கே வந்து நின்றது. மூன்றும் அப்போது அங்கேதான் இருந்தன.

"நீங்கள் வராவிட்டால் நான் பட்டினி கிடக்கவா? கரடியே, இனி வாராவாரம் எனக்கும் சேர்த்துச் சமைத்து வை. முயலே, நீ இலை தைத்து வை. முள்ளம்பன்றியே, எனக்குப் படுக்க ஒரு பாய் வேண்டும். கோணல் இல்லாமல் முடைந்து கொடு."

"முடைய மாட்டேன்" என்றது முள்ளி.

சிறுத்தை காதை விறைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தது.

"என்ன சொன்னாய்?"

"என் கை, என் கோரை. எனக்காக முடைவேன், பிடித்தவர்களுக்கு முடைவேன். உனக்கு மாட்டேன்."

சிறுத்தை காலை ஓங்கியது. முள்ளி முதுகைத் திருப்பிச் சிலிர்த்தது. விறைத்து நின்ற முட்களைப் பார்த்ததும் ஓங்கிய கால் தானாகக் கீழே இறங்கியது. ஆனால் சிறுத்தையின் பார்வை முயலின் பக்கம் போனது.

"சரி. உன்னைத் தொடவில்லை. அடுத்த வாரம் பாய் வராவிட்டால் இந்த முயலின் தோலை உரித்து அதன்மேல் படுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

முயல் ஓவென்று அழுதது. "முள்ளியக்கா, ஒரே ஒரு பாய்தானே? முடைந்து கொடுத்துவிடு அக்கா!"

"ஒரே ஒரு கிழங்குதானே என்றுதான் நானும் முதலில் வைத்தேன்" என்றது முள்ளி. "நாளைக் காலை நான் அருவிக்குப் போகிறேன். என் புதுப் பாயையும் கொண்டுபோகிறேன்."

"ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டது கரடி.

"குளிக்கப் போகிறேன். அதுதான் திட்டம். வழியில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வேன்."

அந்தப் புதுப் பாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். முள்ளிக்கு முதுகு அரித்தால் சொறிந்துகொள்ள வழியில்லை. கை எட்டாது, எட்டினாலும் முள் விடாது. அதனால் உதிர்ந்த தன் முட்களையே கோரையோடு கோத்து, மூன்று மாதமாக ஒரு பாய் முடைந்திருந்தது. முனைகள் எல்லாம் கால்மாட்டைப் பார்த்துச் சாய்ந்து, புல்லுக்குள் மறைந்திருக்கும். தலைமாடு பார்த்துப் படுத்து மெல்லக் கீழே சரிந்தால், சீப்பால் வாரியதுபோல் சுகமாக இருக்கும். தலைமாடு கால்மாடு மாறிவிட்டாலோ, அவ்வளவும் ஊசி! முதல்நாள் முள்ளியே மாறிப் படுத்துவிட்டு, இரண்டு நாள் குப்புறக் கிடந்தது.

மறுநாள் காலை, பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கிழங்கு மூட்டையோடு, நடுவழியில் நிமிர்ந்து நடந்தது முள்ளி. கரடியும் முயலும் புதர் மறைவில் பதுங்கிப் பதுங்கிப் பின்னால் வந்தன.

பாறையிடுக்கில் சிறுத்தை எழுந்து நின்றது. "ஓகோ, பாய் வந்துவிட்டதா! அப்படி வா வழிக்கு!"

"இது உனக்கு இல்லை" என்றது முள்ளி. "கிழங்கு என் வயிற்றுக்கு. பாய் என் முதுகுக்கு. தள்ளி நில், நான் போக வேண்டும்."

"என்ன திமிர் உனக்கு! பாயை இப்படிக் கொடு."

"கொடுக்க மாட்டேன். இது என் முதுகுக்காக முடைந்தது. மற்றவர் படுத்தால் குத்தும்."

சிறுத்தை விழுந்து விழுந்து சிரித்தது. "கோரைப்பாய் குத்துமா? நல்ல பொருளை ஒளித்துவைக்க எல்லோரும் சொல்கிற கதைதானே இது!" சொல்லிக்கொண்டே ஒரே தாவில் பாயைப் பறித்து, பாறைமேல் விரித்தது.

முள்ளி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "பறித்துவிட்டாய். ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அதற்குத் தலைமாடு உண்டு, கால்மாடு உண்டு. எது எது என்று தெரியாமல் படுக்காதே. என்னைக் கேள்."

"உன்னைக் கேட்பதா?" சிறுத்தையின் மீசை துடித்தது. "எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்று ஒரு முள்ளம்பன்றியிடம் நான் கேட்பதா?"

முள்ளி தானாகவே தலைமாட்டைக் கைநீட்டிக் காட்டியது. அந்தப் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, ஒய்யாரமாக உடம்பை வளைத்து, தன் கனம் முழுவதையும் சேர்த்துத் தொப்பென்று மல்லாந்து விழுந்து, ஒரு புரளும் புரண்டது சிறுத்தை.

ஐயோ, அந்த அலறல்! மூங்கில் காட்டுக் கிளிகள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன. சிறுத்தை துள்ளி எழுந்தது. பாயும் கூடவே எழுந்தது. முதுகிலும் தொடையிலும் முட்கள் ஏறி நிற்க, பாய் அதன்மேல் ஒட்டிக்கொண்டு தொங்கியது. உதறியது, இன்னும் ஆழமாக ஏறியது. பாறையில் தேய்த்தது, உயிரே போவதுபோல் வலித்தது.

"பிடுங்கு! இதைப் பிடுங்கிவிடு!" என்று கத்தியது சிறுத்தை.

"பிடுங்குகிறேன். இந்த வழி எல்லோருக்கும் பொது என்று முதலில் சொல். இனி யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன் என்று சொல். அதோ, அவர்களைப் பார்த்துச் சொல்."

புதருக்குள்ளிருந்து கரடி வெளியே வந்தது. அதன் பின்னால் முயலும் வந்தது. சிறுத்தையின் முகத்துக்கு நேரே வந்து நின்று, "சொல்!" என்றது முயல். தன் குரலைக் கேட்டு அதற்கே திகைப்பாக இருந்தது.

ஒரு முயலின் முன்னால் வாய் திறப்பதா? சிறுத்தைக்கு மனம் வரவில்லை. பாயோடு அப்படியே திரும்பி ஓடியது. அன்றிலிருந்து அது எங்கே பதுங்கினாலும் சரசரவென்று பாய் உரசும் சத்தம் முன்னால் போய்ச் சொல்லிவிடும். மான்களெல்லாம் ஓடி மறைந்துவிடும். இரை அகப்படாமல் மெலிந்து, சில நாளில் காட்டையே விட்டு வேறு மலைக்குப் போய்விட்டது.

சிறுத்தை பாயோடு ஓடிய அன்றே மூன்றும் நுரையருவியில் நனைந்து கிடந்தன. கிழங்கைப் பங்கிட்டுத் தின்றன.

"மூன்று மாத உழைப்பு! பாய் போய்விட்டதே, அக்கா" என்றது முயல்.

"போனால் போகட்டும். கரையெல்லாம் கோரைதான்" என்று சொல்லி, ஈரக் கையோடு ஒரு பிடி கோரையை அறுத்துப் போட்டது முள்ளி.

கரடிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதே மாதிரி நிறைய முடை! ஒவ்வொரு வழியிலும் ஒன்றை விரித்துவைப்போம். இன்னொரு சிறுத்தை வந்தால் சரியாக மாட்டிக்கொள்ளும்!"

"மாட்டேன்" என்றது முள்ளி.

"ஏன்?"

"சிறுத்தைகளை நினைத்துக்கொண்டே முடைந்தால், அப்புறம் என் கை அவர்களுக்குத்தானே வேலை செய்யும்? வந்தால் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முதுகு அரிக்கிறது. இந்தத் தடவை ஓரத்துக்கு நீலக்கரை வைக்கப் போகிறேன். நீலச் சாயம் எடுக்க அவுரிச்செடி வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?"

நீதி: பறிப்பவனுக்குப் பயந்து நம் மகிழ்ச்சியை நாமே கைவிடக் கூடாது.