கோணல் படகும் காதில்லாத ஈயும்

முன்னொரு காலத்திலே, மேகம் இறங்கி வந்து மலையோடு உட்கார்ந்து பேசிய காலத்திலே, ஈரமலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் உச்சியில் குளிர்மடு என்று ஒரு ஏரி. கையை விட்டால் விரல் விறைக்கும். காலை விட்டால் முட்டி விறைக்கும். ஆளே விழுந்தால் பேச்சு விறைக்கும். அந்தக் குளிரில்தான் உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன் வாழ்ந்தது. இப்போது மலைமேல் இருக்கிறவர்கள் டிரவுட் என்கிறார்களே, அதேதான். கரையில் ஒரு ஆள் தும்மினால் நடு ஏரியில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவு சூட்டிகை.

அந்த மீனைப் பிடித்துக் கீழ்நாட்டுக்குக் கொடுத்து, தானியம் வாங்கி, ஊர் சுகமாகத்தான் இருந்தது. ஒருநாள் தங்க மூக்கு வைத்த படகிலே சண்டமாயன் என்கிற மந்திரவாதி வந்து சேர்ந்தான். இன்று முதல் ஏரி என்னுடையது என்றான். ராசா படை அனுப்பினார். அவன் ஒரு வார்த்தை சொன்னான், குதிரைகளெல்லாம் வீரர்களைச் சுமந்துகொண்டு வந்த வழியே திரும்பிவிட்டன. உயிருள்ளது எதுவானாலும் அவன் பேச்சைக் கேட்கும், மனிதரைத் தவிர. ராசா கோட்டைச் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

சண்டமாயனுக்குக் கர்வம் அதிகம். கரையில் நின்று ஊருக்கே ஒரு பந்தயம் சொன்னான்.

"இந்த ஏரியிலே என் மீன் ஒண்ணு இருக்கு. நெத்தியிலே மூணு சிவப்புப் புள்ளி. அதைத் தூண்டில்லே பிடிக்கிறவங்களுக்கு ஏரியை விட்டுட்டுப் போயிடுறேன். மூணு வீச்சு வீசலாம். மூணும் தப்பினா நாரையாயிடுவீங்க. மீனைப் பார்த்துக்கிட்டே நிக்கலாம், பிடிக்க முடியாது."

பதினோரு பேர் போனார்கள். போகும்போது அவன் படகில் ஏறிப் போனார்கள், வரும்போது சிறகடித்து வந்தார்கள். பதினோரு நாரைகள் கரையோரம் ஒற்றைக் காலில் நின்றன.

பன்னிரண்டாவதாகப் போனவன் சடையன். அவன் பெண்டாட்டி ஒச்சாயி. மூங்கில் கூடை முடைகிறவள். அவள் முடையும் கூடையில் தண்ணீர்கூட யோசித்துத்தான் ஒழுகும். ஆனால் ஒன்று: அவள் செய்கிற எதுவும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். வாங்க வந்தவர்கள் கோணலாயிருக்கே என்றால் முகவாயை நிமிர்த்திக்கொள்வாள்.

"கோணலோ மாணலோ, என் கை செஞ்சது. வேணும்னா எடு, வேணாட்டி வை."

சடையனுக்கு அதைக் கிண்டல் செய்யாமல் சோறு இறங்காது. உன் கூடையைப் பார்த்துப் பார்த்து என் கழுத்தே ஒருபக்கம் திரும்பிப்போச்சு என்று தலையைச் சாய்த்துக் காட்டுவான்.

அவன் தூண்டில் போட்ட அன்று ஒச்சாயி கரையில் கண் கொட்டாமல் நின்றாள். நல்ல கொழுத்த புழுவாகக் கோத்திருந்தான். வீசுமுன் சண்டமாயன் குனிந்து அந்தப் புழுவிடம் ஏதோ முணுமுணுத்தான். புழு தண்ணீரில் இறங்கியதும் தானே நெளிந்து முள்ளிலிருந்து கழன்றுகொண்டது. இரண்டாவது வீச்சிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் ஒரு நாரை பறந்து வந்து அவள் வீட்டு வாசலில் இறங்கியது. வாசலில் இருந்த கூடையைப் பார்த்தது. கழுத்தை ஒருபக்கம் சாய்த்தது.

ஒச்சாயி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாரையிடம் சொன்னாள்.

"இங்கேயே நில்லு மச்சான். புழுவுக்குக் காது இருக்கு, அதான் நீ தோத்தே. நான் காதில்லாத இரையைக் கொண்டு போறேன்."

மூன்று நாள் அவள் ஏரிக்கரைப் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். முதல் நாள், தன் நிழல் தண்ணீரில் விழுந்தால் மீனெல்லாம் சிதறிப்போவதைக் கண்டாள். இரண்டாம் நாள், பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பொடி ஈக்கள் புகை மாதிரி எழும்புவதையும், மீன்கள் துள்ளி அவற்றைக் கவ்வுவதையும் கண்டாள். மூன்றாம் நாள் அந்த மூன்று புள்ளி மீனையே கண்டாள். மீன் ஒரு கை நீளம்தான். அடியில் மணலில் விழுந்த அதன் நிழலோ ஓர் ஆள் நீளம். நிழலுக்குத் தலைப்பாகைகூட இருந்த மாதிரி தோன்றியது. ஆழத்துத் தண்ணீர் கண்ணை ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஈ செய்ய உட்கார்ந்தாள். கோணி ஊசியை நெருப்பில் காய்ச்சி வளைத்து முள் செய்தாள். அதன்மேல் காக்கை இறகைக் கட்டினாள், அமிழ்ந்துபோயிற்று. கோழி இறகைக் கட்டினாள், குப்புற விழுந்தது. சேவல் கழுத்து இறகைச் சுற்றி, அணில் வாலிலிருந்து நாலு மயிரை வால் வைத்து, தன் கூறைப்புடவைச் சரிகையில் ஒரு இழை உருவி வயிற்றில் கட்டினாள். சட்டித் தண்ணீரில் போட்டாள். நின்றது. ஊதினால் நடந்தது. நாரை எட்டி அதைக் கொத்தப் பார்த்தது.

"உனக்கில்லை, போ" என்றாள். ஆனால் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

அடுத்தது படகு. சண்டமாயன் தங்க மூக்குப் படகை அனுப்பினான். அதில் ஏறிப்போனவர்களெல்லாம் எப்படித் திரும்பினார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று திருப்பிவிட்டாள். வீட்டில் அவளே முடைந்த பெரிய மூங்கில் குதிர் இருந்தது. மீன் போனபிறகு தானியம் ஏது, வெறும் குதிர். அதைக் குறுக்கே பாதியாக அறுத்தாள். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி உள்ளும் புறமும் பூசினாள். வீட்டுக் கதவைக் கழற்றி உட்காரப் பலகை போட்டாள். முதல் நாள் தண்ணீர் புகுந்தது. மறுபடி பூசினாள். இரண்டாம் நாள் கவிழ்ந்தது. அடியில் கல் வைத்தாள். மூன்றாம் நாள் மிதந்தது. ஒருபக்கம் சாய்ந்துதான் மிதந்தது, துடுப்பைத் தொட்டால் பம்பரமாய்ச் சுற்றியது, ஆனால் மிதந்தது.

அரண்மனைத் தச்சன் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏம்மா, இதுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

"நான் பார்க்கிற பக்கம் முன்பக்கம்."

"சாஞ்சிருக்கே?"

"கோணலோ மாணலோ, என் கை செஞ்சது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மெல்லிய மூங்கில் கழி, குதிரை வால்மயிரில் திரித்த நூல், நுனியில் இறகு ஈ. பன்னிரண்டு நாரைகளும் கரையில் வரிசையாக நின்று பார்த்தன.

நடு ஏரியில் சண்டமாயன் தன் படகில் காத்திருந்தான். அவளுடைய குதிர்ப் படகைப் பார்த்து, கூடைக்காரி கூடையிலேயே வந்துட்டாளே என்றான். வழக்கம்போல இரையின்மேல் குனிந்து முணுமுணுத்தான். ஈ சும்மா இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். ஈ சும்மாவே இருந்தது. படகைப் பார்த்துக் கவிழ் என்றான். படகு அதுபாட்டுக்குச் சுற்றியது.

"அதுக்கெல்லாம் காது வைக்கலை சாமி" என்றாள் ஒச்சாயி.

முதல் வீச்சு. கழி வளைந்தது, நூல் காற்றில் நெளிந்தது, ஈ பூ விழுகிற மாதிரி தண்ணீரில் இறங்கியது. அடியிலிருந்து மூன்று புள்ளி மீன் எழும்பி வாயைத் திறந்தது. அதைப் பார்த்ததும் ஒச்சாயிக்கு நெஞ்சு துள்ளிவிட்டது, கையும் துள்ளிவிட்டது. வெடுக்கென்று இழுத்தாள். மீன் வாயை மூடும்முன்பே ஈ கரைப்பக்கம் பறந்தது.

"ஒண்ணு" என்றான் சண்டமாயன்.

இரண்டாவது வீச்சுக்கு இன்னும் தூரம் எட்டவேண்டும் என்று பலகைமேல் எழுந்து நின்றாள். வெயில் முதுகில் அடித்தது. அவள் நிழல் நீளமாய்த் தண்ணீரில் விழுந்தது. அங்கே இருந்த மீனெல்லாம் சிதறி ஓடின. படுத்துப் படுத்துக் கற்றதை ஒரு நொடியில் மறந்தேனே என்று உதட்டைக் கடித்தாள்.

"ரெண்டு" என்றான் அவன், எழுந்து நின்று, கைகளை விரித்து. அவளைவிட அவன் ஒரு முழம் உயரம். வெயில் அவன் முதுகிலும் அடித்தது. ஆனால் அவன் காலடியில் மீன்குஞ்சுகள் பயமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தன.

ஒச்சாயி பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். அவனுக்கு நிழலே இல்லை. அவன் தலையிலோ தலைப்பாகை. மணலில் ஆள் நீளம் கிடந்த நிழல் யாருடையது என்று அப்போது அவளுக்கு விளங்கியது. தன் நிழலை மீனின் வயிற்றில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் இவன் இத்தனை ஆட்டம் ஆடுகிறான். நிழலைச் சுமக்கிற அந்த மீன் மட்டும் இவன் பேச்சைக் கேட்காது போலிருக்கிறது, அதனால்தான் இரையிடம் போய் முணுமுணுக்கிறான்.

அவள் உட்கார்ந்தாள். துடுப்பால் மெல்லச் சுற்றி வெயிலைப் பார்க்க உட்கார்ந்தாள், நிழல் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அப்படியே காத்திருந்தாள். வீசு, வீசு என்று அவன் அவசரப்படுத்தினான். அவள் காத்திருந்தாள். வீச்சு முடியும்வரை அவளைத் தொட அவனுக்கு அதிகாரம் இல்லை. பொழுது சாய்ந்தது. தண்ணீரிலிருந்து ஈக்கள் புகையாய் எழும்பின.

மூன்றாவது வீச்சு. ஆயிரம் ஈக்கு நடுவே ஓர் ஈயாய் அது இறங்கியது. மீன் எழும்பியது. வாயைத் திறந்தது. கவ்வியது. ஒச்சாயி இழுக்கவில்லை. ஒருமுறை எச்சிலை விழுங்கினாள். அந்த ஒரு மிடறு நேரத்தில் மீன் திரும்பித் தலையைக் கீழே விட்டது. அப்போது கழியை உயர்த்தினாள்.

அம்மாடி, என்ன ஓட்டம் ஓடியது. இடப்பக்கம் ஓடியது, படகு இடப்பக்கம் சுற்றியது. வலப்பக்கம் ஓடியது, படகு வலப்பக்கம் சுற்றியது. நேராய் ஓடும் நல்ல படகாயிருந்தால் அந்த இழுப்பில் நூல் தெறித்திருக்கும். இது சாய்ந்து கொடுத்தது, சுழன்று கொடுத்தது, விட்டுக்கொடுத்தே மீனைக் களைக்க வைத்தது. கரையில் தச்சனுக்கு வாய் திறந்தது மூடவில்லை.

கடைசியில் மீன் படகோரம் வந்து சாய்ந்தது. சண்டமாயன் முகம் வெளுத்துவிட்டது. குரலில் தேன் வடிந்தது.

"ஜெயிச்சுட்டே தாயி. ஏரி உன்னுது, உன் புருஷனும் உனக்கே. அந்த மீனை மட்டும் இப்பவே கழுத்தை அறுத்துப் போட்டுடு."

பிடிக்கவே கூடாது என்று நின்றவன் இப்போது அறு என்கிறானே, ஏன்? ஒச்சாயி யோசித்தாள். மீன் செத்தால் உள்ளே இருக்கும் நிழலும் செத்துப்போகும். திரும்ப ஒட்ட நிழலே இல்லாவிட்டால் பிறகு இவனை யார் என்ன செய்ய முடியும்? அவள் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். உலர்ந்த கை பட்டால் மீனின் தோல் வெந்துபோகும். ஈரக் கையால் மீனைத் தாங்கி, பூப்போல முள்ளைக் கழற்றினாள். முள்ளோடு கறுப்பாய் என்னவோ வந்தது. ஈரத்துணி மாதிரி வந்தது, வந்துகொண்டே இருந்தது. கால் வந்தது, கை வந்தது, கடைசியில் தலைப்பாகையும் வந்தது. மீனைத் தண்ணீருக்குள் விட்டாள். அது வாலால் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிற்று.

பிறகு கழியைப் பின்னால் சாய்த்தாள்.

"உனக்கு மூணு வீச்சுதானே" என்று அலறினான் அவன்.

"மூணும் மீனுக்கு. இது உனக்கு."

நான்காவது வீச்சு. ஈ பறந்தது, ஈயோடு நிழல் பறந்தது, போய் அவன் காலடியில் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

அவ்வளவுதான். தங்க மூக்குப் படகு ஒரு வாழைமட்டையாகிவிட்டது. சண்டமாயன் பல் கிட்டிக்க நீந்திக் கரையேறினான். வெறும் கிழவன். தன் நிழல் பின்னாலேயே வருகிறதா என்று நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலையிறங்கிப் போனான். பன்னிரண்டு நாரைகளும் பன்னிரண்டு ஆட்களாக நின்றன. பழக்கதோஷத்தில் எல்லாரும் ஒற்றைக் காலில்தான் நின்றார்கள். சடையன் மட்டும் இரண்டு காலால் ஓடிவந்து இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டான்.

"ஏ ஒச்சாயி, நம்ம குதிர் எங்கே?"

"அதுலேதான் நிக்கிறேன் மச்சான்."

"கதவு?"

"அதுமேலேதான் நிக்கிறேன்."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை.

ராசா சன்னலைத் திறந்து, கோட்டையைத் திறந்து, மேளதாளத்தோடு இறங்கி வந்தார். என்ன வேண்டும் கேள் என்றார். குளிர்மடு அதன் கரையில் வாழ்கிறவர்களுக்கே என்று கல்லில் வெட்டித்தரச் சொன்னாள். அப்புறம் வீட்டுக்கு ஒரு கதவு வேண்டும் என்றாள். இரண்டும் கொடுத்து, ராசா அவளை ஏரிக்குத் தலைவியாக்கினார். தச்சனைக் கூப்பிட்டு, இந்த அதிசயப் படகைக் கொஞ்சம் நிமிர்த்தி, சாய்வை எடுத்துவிட்டுத் தங்கத்தகடு அடித்துக் கொடு என்றார். தச்சன் உளியோடு குனிந்தான்.

ஒச்சாயி வாயைத் திறக்குமுன் சடையன் குறுக்கே வந்து நின்றான். முகவாய் நிமிர்ந்திருந்தது.

"தொடாதீங்க ஆசாரி. கோணலோ மாணலோ, அவ கை செஞ்சது."

ஊரே ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது, மலையும் ஒருதரம் சொன்னது. அந்த இருவரும் அந்தப் படகிலேயே சுற்றிச் சுற்றிச் சுகமாய் இருந்தார்கள். அவர்கள் பிடித்த மீன் அவர்களுக்கு, அவர்கள் விட்ட மீன் ஏரிக்கு, காது உள்ள நமக்கு இந்தக் கதை.