சாகாத இளவரசி

சென்னையில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று. நாளெல்லாம் கேம் ஆடி அதிலே பிழை கண்டுபிடிப்பதுதான் அங்கே இசக்கிக்கு வேலை. கேமை உருவாக்கிய நந்தகோபனுக்கோ பிழை என்ற சொல்லே பிடிக்காது.

“சார், இந்த இளவரசி கையைக் கட்டிப் போட்ட இடத்துலயே நின்னு அழுதுகிட்டிருக்காங்க. சண்டை போட வைக்கலாமே?”

“பொண்ணுன்னா மென்மை. வீரன் வந்துதான் காப்பாத்தணும். அவளைக் காவல் காக்கிற என் பூதத்தை இதுவரைக்கும் எவனும் ஜெயிச்சதில்ல. நாளைக்கு முதலாளியம்மா முன்னாடி நீ ஜெயிச்சுக் காட்டு, மாத்துறேன். தோத்தா வேற வேலை பாத்துக்கோ.”

இசக்கி திரையையே உற்றுப் பார்த்தாள். “ஒரு சந்தேகம் சார். பூதம் கக்குற நெருப்பு, பக்கத்துல நிக்கிற இளவரசி மேல படாதா?”

“பட்டு அவ செத்துட்டா வீரன் யாரைக் காப்பாத்துவான்? அதான் எது பட்டாலும் சாகாத மாதிரி செஞ்சிருக்கேன்.”

மறுநாள் எல்லோரும் கூடினார்கள். இசக்கி தன் வீரனை நேராகக் கொண்டுபோய் இளவரசியின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். பூதம் நெருப்பைக் கக்கியது. இளவரசி அழுதாள், ஒரு தலைமுடிகூடக் கருகவில்லை. பின்னால் பதுங்கியபடியே வீரன் ஒவ்வோர் அம்பாக விட்டான். கால் மணி நேரத்தில் பூதம் சாய்ந்தது.

“இது போங்காட்டம்!” என்று கத்தினார் நந்தகோபன்.

“நீங்க செஞ்சதுல நான் எதையும் மாத்தலையே சார்.”

முதலாளியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப இந்த வீரன், இளவரசி ரெண்டு பேர்ல வீரம் யாருக்கும்மா?”

“முதல்ல அவங்க கட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்க மேடம். பாத்துடலாம்.”