கொக்கு மந்திரியும் கடைசிக் குதிர் விதையும்

ஆனைமடுக் காட்டில் வெள்ளையப்பன் என்றொரு கொக்கு இருந்தது. பொழுது விடிந்தால் தினைக் கொல்லையில் நிற்கும். பொழுது சாயும்போதும் அங்கேயேதான் நிற்கும். ஒற்றைக் காலில், கழுத்தை வளைத்து, கண்ணை அரைவாசி மூடி, ஏதோ பெரிய யோசனையில் இருப்பதுபோல் நிற்கும்.

அந்தக் காட்டு மிருகங்கள் பயிர் செய்து பிழைப்பவை. காட்டுப்பன்றிகள் மூக்கால் உழும். முயல்கள் விதைக்கும். முள்ளம்பன்றிகள் களை பறிக்கும். இதையெல்லாம் மேற்பார்க்க ஒரு மந்திரி வேண்டும் என்று யானையரசி பெரியநாச்சி ஒருநாள் சபை கூட்டியது.

"கொல்லையை விட்டு நகராத ஆள் யாரு?" என்று கேட்டது.

"வெள்ளையப்பன்!" என்று எல்லாம் ஒரே குரலில் கத்தின.

"அப்ப அவர்தான் வேளாண்மை மந்திரி!"

கொக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கொல்லையில் நின்றது பயிரைப் பார்க்க அல்ல. உழுத மண்ணில் நெளியும் புழுவைப் பிடிக்க! உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தது. அதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. திறந்த வாயால் "நன்றி!" என்று சொல்லிவிட்டது.

மஞ்சமூக்கி என்ற மைனா அதற்கு உதவியாளராக வந்து சேர்ந்தது. மந்திரி எங்கே போனாலும் முன்னால் பறந்து, "வேளாண்மைச் செம்மல் வருகிறார்! வழி விடுங்க!" என்று கூவும். மந்திரியும் போகும். பார்க்கும். தலையை ஆட்டும். ஒருமுறை இளம் தினைப் பயிரைக் காட்டி, "இந்தப் புல்லையெல்லாம் பிடுங்கிப் போடுங்க!" என்றது.

முள்ளம்பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "சரிங்க மந்திரியாரே" என்றன. மந்திரியின் தலை மறைந்ததும் தங்கள் வேலையைத் தங்கள் போக்கில் செய்தன.

இப்படியே இரண்டு வருஷம் போனது. வெளியே மாலையும் மேளமும். உள்ளே கொக்குக்கு நிம்மதி இல்லை. 'இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்களோ?' என்ற நினைப்போடுதான் தினமும் கண் விழிக்கும்.

இரண்டாம் வருஷ அறுவடை நேரத்தில் வெட்டுக்கிளிகள் வந்தன. தினையில் முக்கால்வாசி போயிற்று. சாப்பிட்டது போக, விதைக்கென்று ஒரே ஒரு குதிர் நிறையத் தினைதான் மிஞ்சியது. அது முளைத்தால் காட்டுக்குச் சோறு. முளைக்காவிட்டால் பட்டினி.

ஆடி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் சடசடவென்று மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது. முயல்கள் துள்ளிக்கொண்டு ஓடி வந்தன.

"மந்திரியாரே, மழை வந்துருச்சு! விதைக்கலாமா?" என்று மூத்த முயல் துள்ளாயி கேட்டது.

கொக்கு மைனாவைப் பார்த்தது. மைனா காதோரம் வந்து, "விதைங்கன்னு சொல்லுங்க! கைதட்டுவாங்க!" என்றது.

"விதையுங்கள்!" என்றது கொக்கு. எல்லாம் கைதட்டின.

மறுநாள் காலை விதைப்பு விழா. மரங்கொத்தி மேளம் கொட்டியது. யானையரசி கொல்லை ஓரத்தில் முதல் பிடி விதையைத் தூவியது. அடுத்த பிடி மந்திரியுடையது. எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. கொக்குக்குப் பழக்கதோஷம், விதையை எடுப்பதற்கு முன்னால் அலகை மண்ணுக்குள் விட்டது.

மேல்மண் குளிர்ந்திருந்தது. இரண்டு விரற்கடை இறங்கியதும் அலகு நறநறத்தது. கீழே வெறும் புழுதி! நாலு இடத்தில் குத்திப் பார்த்தது. ஒரு புழுகூட இல்லை. ஈரம் ஆழத்துக்கு இறங்கினால்தான் புழு மேலே வரும். இது கொக்குக்கு அதன் வயிறு கற்றுக்கொடுத்த பாடம்.

"என்ன தேடறீங்க? சீக்கிரம் விதையைப் போடுங்க!" என்று மைனா பல்லைக் கடிக்காத குறையாகச் சொன்னது.

"மஞ்சமூக்கி, கீழே ஈரமே இல்லை."

"அதனால என்ன?"

"புழுவுக்கே ஈரம் பத்தலை, விதைக்கு எப்படிப் பத்தும்? இருக்கிறதே ஒரு குதிர்."

"இப்ப நிறுத்தினா, ஏன்னு கேப்பாங்க. தெரியாம சொல்லிட்டேன்னா சொல்லுவீங்க? பதவி போயிடும், பாத்துக்குங்க!"

கொக்கு முயல்களின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது. பதவி போனால் புழு பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். விதை போனால் இவை எதைப் பிடித்துப் பிழைக்கும்?

"நிறுத்துங்க!" என்று கத்தியது. மேளம் நின்றது. "நேத்து நான் சொன்னது தப்பு. எனக்கு விவசாயம் தெரியாது. எப்பவுமே தெரியாது! நான் கொல்லையில நின்னது புழு தின்ன!"

கொக்கு கழுத்தைக் குறுக்கிக்கொண்டு நின்றது. அப்போது முள்ளம்பன்றி ஒன்று முள்ளெல்லாம் கலகலக்கச் சிரித்தது.

"இது எங்களுக்கு எப்பவோ தெரியுமே! பயிரைப் புல்லுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும்!"

"அப்புறம் ஏன் என்னை மந்திரியா வெச்சிருந்தீங்க?"

"மத்தவங்களுக்கெல்லாம் வேலை இருந்துச்சுங்களே!"

கொல்லையே குலுங்கிச் சிரித்தது. யானையரசி காது படபடக்கச் சிரித்தது. கொக்குக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷத்தில் அது வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"சிரிச்சது போதும், மந்திரியாரே. இப்ப விதைக்கறதா வேண்டாமா?" என்று கேட்டது யானையரசி.

கொக்கு திரும்பி, மூத்த காட்டுப்பன்றியிடம் போனது. "கரிமுத்தண்ணே, நீங்க சொல்லுங்க."

கரிமுத்து மூக்கால் ஒரு கிளறு கிளறியது. "ஒரு உழவு ஆழத்துக்குக்கூட நனையலை. ரெண்டு உழவு ஆழமாவது நனையணும். நேத்தே சொல்லியிருப்பேன். யாரு கேட்டா?"

"இப்ப நான் கேக்கறேன். அந்த மழை வர்ற வரைக்கும் குதிரோட மூடியைத் திறக்க வேண்டாம்!"

விழா கலைந்தது. ஆனால் நாலாம் நாள் பெரிய வம்பு வந்தது. யானையரசி தூவிய ஒரு பிடி விதை பச்சைப்பசேலென்று முளைத்துவிட்டது!

"பாருங்க, எவ்வளவு அழகா முளைச்சிருக்கு! உங்க பேச்சைக் கேட்டு நாங்க சும்மா உக்காந்திருக்கோம்!" என்று முயல்கள் சண்டைக்கு வந்தன.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று மைனா கிளைக்குக் கிளை தாவியது.

கொக்கு தன்னையே கேட்டுக்கொண்டது. 'இரண்டு வருஷம் தெரியாமல் உளறினேன். இப்போது தெரிந்ததுபோல் உளறிவிட்டேனோ?' அந்த முளைகளின் பக்கத்திலேயே போய் நின்றது. பசித்தாலும் அலகு புழு தேடவில்லை. கண் பயிரை விட்டு நகரவில்லை.

ஏழாம் நாள் முளைகளின் நுனி மஞ்சளானது. ஒன்பதாம் நாள் துள்ளாயி ஒன்றைத் தொட்டது. அது பொடியாக உதிர்ந்தது. முயல் அந்தப் பொடியைப் பார்த்தது. தூரத்தில் குதிர் இருந்த பக்கம் பார்த்தது.

"மந்திரியாரே, அத்தனையும் போட்டிருந்தா..." என்று இழுத்தது.

"வேண்டாம்மா, சொல்லாதே!" என்றது கொக்கு.

பதின்மூன்றாம் நாள் வானம் இருண்டது. மாலையில் பிடித்த மழை விடியும்வரை பெய்தது. கரிமுத்து மூக்கை மண்ணில் விட்டது. கண் வரைக்கும் சேறாக நிமிர்ந்தது.

"ரெண்டு உழவு இல்லீங்க, மூணு உழவு மழை! ஓடியாங்க, ஓடியாங்க!"

குதிர் திறந்தது. பன்றிகள் உழ, முயல்கள் விதைக்க, அன்றைக்கு யாருக்கும் மேளம் கொட்ட நேரமில்லை. கொக்கும் ஓய்ந்திருக்கவில்லை. "இதை ஏன் இவ்வளவு இடம் விட்டுப் போடறீங்க? களை எப்ப எடுக்கணும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே ஓடியது. கேள்வி தாங்காமல் முயல்கள், "வர்றாரு, வர்றாரு!" என்று வளைக்குள் ஒளிந்துகொண்ட நாளும் உண்டு.

ஐப்பசியில் கதிர்கள் அணில்வாலைப்போல் தொங்கின. குட்டி முயல்கள் தினைமாவு தின்று, வயிறு உருண்டு, நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தன.

யானையரசி அறுத்துக் குவித்த தினையைச் சுற்றி வந்து கேட்டது: "மந்திரியாரே, இதுக்குப் புதுசா எத்தனை குதிர் கட்டணும்?"

"எனக்குத் தெரியாதும்மா!" என்றது வெள்ளையப்பன், கழுத்தை நன்றாக நிமிர்த்தி. "தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வர்றேன், இருங்க!"

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் பறந்தது.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரைக் கேட்டு நடப்பவரே நல்ல தலைவர்.