அந்தப் படகு யாருக்கு?

இந்தக் கதை முடியும்போது நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே யார் என்ன செய்தார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

வெண்மணல்துறை என்ற கடற்கரை ஊரில் மீனவர்கள் சேர்ந்து ஒரு மீட்புச் சங்கம் வைத்திருந்தார்கள். ஒரு புயலில் ஊர்க்காரர் பலரைப் பறிகொடுத்த பிறகு தொடங்கிய சங்கம் அது. அதற்கு ஒரே ஒரு படகு. அந்தப் புயலில் கணவனை இழந்த மெற்றில்டா தலைவியாக இருந்தாள். தொபியாஸ் செயலாளர். படகை ஓட்டுகிறவன் கஸ்பார். ஆபத்து என்று தகவல் வந்தால் படகு போகும், ஆளைக் கொண்டுவரும். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், காற்று திடீரென்று வலுத்தது. சங்கக் கொட்டகையில் இருந்த வயர்லெஸ்ஸில் அடுத்தடுத்து இரண்டு குரல்கள் கேட்டன. கிழக்கே வேற்று மாநில விசைப்படகு ஒன்று பாறையில் மோதியிருந்தது. அடித்தட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே, அதைவிடத் தொலைவில், இதே ஊர் சந்தியாகுவின் வள்ளம் இஞ்சின் நின்று அலையில் அலைந்துகொண்டிருந்தது. சந்தியாகுவோடு அதில் இருந்தவன் கஸ்பாரின் தம்பி.

"மேற்கே போகட்டும்," என்றான் தொபியாஸ். "நம்ம ஆளுங்களுக்காக நாம வச்ச படகு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"வள்ளம் மிதக்குது. அந்தப் படகு முங்குது," என்றாள் மெற்றில்டா.

"காத்து இப்படியே ஏறினா வள்ளம் எவ்வளவு நேரம் மிதக்கும்? சொல்லுங்க."

மெற்றில்டா கொட்டகை வாசலுக்கு வந்தாள். கஸ்பார் படகில் ஏறி நின்றுகொண்டு, "எந்தப் பக்கம் அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"கிழக்கே போ."

கஸ்பார் இஞ்சினை முடுக்கினான். படகு கிழக்கே திரும்பியது.

மெற்றில்டா வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தாள். கொட்டகையின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. வாசலில் கூடியிருந்தவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. சிறிது நேரத்தில் சந்தியாகுவின் குரல் வந்தது.

"படகு கிளம்பிட்டாக்கா?"

பொய் சொல்லலாம் என்று மெற்றில்டாவுக்கு ஒரு கணம் தோன்றியது. "கிளம்பிட்டு. கிழக்கே ஒரு படகு முங்குது. அங்க போயிட்டு உங்ககிட்ட வரும். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருங்க."

"சரிக்கா," என்றான் சந்தியாகு. அதன் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டும் வள்ளத்திலிருந்து பதில் இல்லை.

கஸ்பார் விசைப்படகில் இருந்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டான். கரைக்கு வராமல் அப்படியே மேற்கே விரைந்தான். அங்கே வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் அவன் தம்பி மட்டும் உயிரோடு குப்புறக் கிடந்தான். சந்தியாகுவின் உடலை மறுநாள் கடல் கொண்டுவந்து போட்டது.

அடக்கம் முடிந்தபின் ஊர் கூடியது. சந்தியாகுவின் மனைவி ஜெனோவா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"காலையில கடல் சரியில்லைன்னு அவரு தயங்கினாரு. தொபியாஸ் அண்ணன்தான், 'போயிட்டு வா, ஏதும்னா நம்ம படகு முதல்ல உன்கிட்டதான் வரும்'னு சொன்னாரு. அதை நம்பித்தான் போனாரு. இந்தப் படகு யாருக்குன்னு ஒரு நாளாவது எங்ககிட்ட சொன்னீங்களா அக்கா?"

தொபியாஸ்தான் பேசினான். "சொன்னது நான்தான். அப்படித்தான்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லைன்னு யாரும் எனக்குச் சொல்லல."

கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் துடித்தவன் தொபியாஸ். தம்பியைக் கடலில் விட்டுவிட்டு எதிர்த்திசையில் படகைச் செலுத்தியவன் கஸ்பார். அப்படிப் போகச் சொன்னவள் மெற்றில்டா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை இது. அந்தப் பிற்பகலை மட்டும் எடுத்துக்கொண்டால் மெற்றில்டா செய்தது சரி. முங்குகிறவர்களிடம் முதலில் போவதுதான் மீட்புப் படகின் வேலை. அதைத் தன் தம்பியையே பணயம் வைத்துச் செய்தவன் கஸ்பார். தொபியாஸ் கொடுத்தது, கொடுக்க உரிமையில்லாத வாக்கு. ஆனால் அவன் அதைக் கொடுக்கும்படி இடம் விட்டவள் மெற்றில்டாவே. கடல் அமைதியாக இருந்த நாளில் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டியதை, கடல் பொங்கிய நாளில் உத்தரவாகச் சொன்னாள். அந்த உத்தரவில் பிழையில்லை. அதற்கு முன் அத்தனை வருடம் பேசாமல் இருந்ததில்தான் பிழை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று, யாருக்கு நேரம் குறைவோ அவரிடமே படகு முதலில் போகும், அவர் எந்த ஊராராக இருந்தாலும் சரி என்று அவள் அறிவித்தாள். சில வீட்டார் சங்கத்திலிருந்து விலகினார்கள். ஜெனோவா விலகவில்லை. ஆனால் இன்றுவரை அவள் மெற்றில்டாவோடு பேசுவதில்லை.