பாறைக்கு வெட்டிய கண்ணாடி

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. குரு ஒரு பெண். இதில் எது உறுத்துகிறது என்று சேலத்துக் கட்டடக் காண்டிராக்டர்களுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் மாசிலாமணியைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தியது.

“மக வயசுப் பொண்ணுகிட்டப் போயி கைகட்டி நிக்கறியே, மாசி?”

“வயசுக்கு மார்க் போடறதா இருந்தா ஏற்காடு ஏரியில கிடக்கற ஆமைதான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு” என்பார் மாசிலாமணி.

சேலத்தில் அடுக்குமாடிகளாக எழுப்பித் தள்ளியவர் அவர். கோகிலவாணி என்ற கட்டடக் கலைஞர் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதை ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனார், அப்படியே தங்கிவிட்டார். டீச்சர் என்று கூப்பிட்டார். முதலில் கிண்டலாகத்தான். பிறகு கிண்டல் போய்விட்டது, டீச்சர் நின்றுவிட்டது.

இப்போது இருவர் கையிலும் இருந்தது ஏற்காட்டு மலைச்சரிவில் ஒரு வீடு. ஐம்பதுகளில் ஒரு காப்பித் தோட்டக்காரர் அன்றைக்குப் புதிதாக வந்திருந்த பாணியில் கட்டியது. நீளமாக, தாழ்வாக, தட்டைக் கூரையோடு மலையை ஒட்டிப் படுத்திருந்தது. பூச்சுவேலையே கிடையாது. கருங்கல் சுவர் கருங்கல்லாகவே இருந்தது, தேக்கு தேக்காகவே இருந்தது. கூடத்தின் கூரைக்கு அடியில் பதித்திருந்த தேக்குப் பலகைகள் கண்ணாடிச் சுவரைத் தாண்டி அதே கோட்டில் வெளியே நீண்டன. தரையில் படுத்து ஒரு பலகையைப் பார்வையால் பிடித்தால் போதும், கண் தானாக வெளியே போய்விடும்.

கூடத்துக்குள் ஒரு பாறை. யானைக்குட்டி அளவு இருக்கும். பாதி உள்ளே, பாதி வெளியே. கண்ணாடிக்காகப் பாறையைச் செதுக்கவில்லை. பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்றாற்போல் கண்ணாடியை வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டைத் தடவிப் பார்த்த அன்று மாசிலாமணி மதியச் சாப்பாட்டை மறந்தார்.

மழை வந்தால் பாறையின் வெடிப்பிலிருந்து தண்ணீர் வந்தது. அதுதான் வம்பு. வீட்டைப் புதிதாக வாங்கிய ஜவ்வரிசி மில் முதலாளி செங்கோட்டுவேல், போன ஐப்பசியில் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, ஒழுகற வீட்டையா என் தலையில கட்டியிருக்காங்க? அடுத்த மழைக்கு ஒரு சொட்டு உள்ள வரப்படாது. வந்துதுன்னா கம்ப்ரஸர் வச்சுப் பாறையை உடைச்சுப் போடுவேன்.”

“வராதுங்க. நான் பொறுப்பு” என்று முந்திக்கொண்டார் மாசிலாமணி.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தார்.

“தடுத்துட முடியும்னு நினைக்கறீங்களாண்ணா?”

“தண்ணி உள்ள வந்தா அது ஒழுகல் டீச்சர். அதுக்கு வேற பேரு கிடையாது. ஒழுகல் அடைச்சே நரைச்சவன் நான்.”

“சரி.”

“சரின்னா என்ன? சண்டை போடுங்க. நீங்க சண்டை போடலேன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

“போட்டா விட்டுருவீங்களா?”

“விடமாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு?”

“ஒண்ணு கேக்கறேன். கல்லு, மரம்னு இந்தப் பாடு கொண்டாடறீங்களே. சிமெண்ட்டு சொன்ன பேச்சைக் கேக்கும். கல்லு கேக்குமா? மரம் கேக்குமா?”

“கேக்காது.”

“அப்ப எதைக் கண்டு கொண்டாடறீங்க?”

பஸ் வந்துவிட்டது.

கோடையில் டீச்சர் வேறொரு வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தபோது மாசிலாமணி காரியத்தில் இறங்கினார். பாறையின் அடியைச் சுற்றி, கடப்பா கல் தரையில் விரல் அகலத்துக்கு ஒரு காடி, நீளப் பள்ளமாக, ஓடியது. அங்கிருந்து தரையைக் கடந்து கண்ணாடிச் சுவரின் அடியில் போய் மறைந்தது. கல்லும் கல்லும் சேராமல் போன இடைவெளி என்று அவர் முடிவு கட்டினார். இவ்வளவு நல்ல வீட்டில் இப்படி ஒரு குறையா என்று கட்டினவருக்காகப் பரிதாபமும் பட்டார். பாறை வெடிப்பை வாட்டர்புரூஃப் பசையால் அடைத்தார். அதே பசையில் கறுப்புச் சாயம் கலந்து காடியை நிரப்பி, தரையோடு தரையாக இழைத்தார். குனிந்து பார்த்தாலும் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அடைத்த வெடிப்புக்கு ஒரு சாண் தள்ளி, பாறை வேறொரு வழியில் தண்ணீரை விட்டது. வந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கூடமெங்கும் பரவி, தேக்குச் சுவரின் அடிப்பலகையைத் தொட்டது. பலகையில் கறுப்பாக ஒரு கறை ஏறியது. சாக்குப் போட்டுப் பிழிந்து பிழிந்து மாசிலாமணியின் கை சிவந்தது. செங்கோட்டுவேல் போனில் சுருக்கமாகச் சொன்னார்: “நாளைக்குக் காலையில ஆளோட வர்றேனுங்க.”

மதியம் டீச்சர் வந்து சேர்ந்தார்.

“பாறையில துளை போட்டு உள்ள அடைக்கற மருந்து ஏத்திரலாம் டீச்சர். இன்னிக்கு ஒரு பொழுது இருக்கு. இல்லேன்னா உடைச்சிருவாங்க. அந்தக் கண்ணாடி வெட்டு... அதை இனிமே யாரு வெட்டுவா?”

“கொஞ்சம் வெளிய வாங்கண்ணா.”

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, நீண்டிருந்த கூரையின் அடியில் போய் நின்றார்கள். சுவரோரம் ஒரு கல்தொட்டி. கொட்டுகிற மழைக்குக் கைநீட்டும் தூரத்தில், தொட்டியில் இருந்த பெரணிச் செடிகள் காய்ந்து சருகாகிக் கிடந்தன. டீச்சர் மண்ணைக் கிள்ளினார். பொடியாக உதிர்ந்தது.

“கூரைக்கு அடியில இருக்குதுல்ல, மழை படாது” என்றார் மாசிலாமணி.

“ம்.”

“போன வருசம் பச்சைப் பசேல்னு இருந்துச்சே. நானே போட்டோ எடுத்தேன்.”

“ம்.”

“அதுக்கு முன்னாடி வீடு பல வருசம் பூட்டித்தான் கிடந்துச்சு.”

“பூட்டின வீட்டுச் செடிக்கு யாருண்ணா தண்ணி ஊத்தினாங்க?”

மாசிலாமணி குனிந்தார். தொட்டிக்கு மேலே, கண்ணாடியின் அடியில், விரல் அகலத்துக்கு ஒரு துவாரம் இருந்தது. அதை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு கட்டி பிதுங்கி நின்றது. அவர் கலந்த சாயம்தான். அவர் கைவேலைதான்.

உள்ளே போய் உளியை எடுத்தார். டீச்சர் துடைப்பத்தை எடுத்தார். இருட்டுவதற்குள் பசை முழுக்கப் பெயர்ந்து வந்தது. காடியின் அடியை மாசிலாமணி அப்போதுதான் விரல்விட்டுப் பார்த்தார். வழுவழுவென்று இழைத்திருந்தது. கண்ணாடியை நோக்கிச் சீரான சாய்வும் இருந்தது. சேராமல் போன இடைவெளிக்கு எந்தக் கொத்தனாரும் அடி இழைக்கமாட்டார்.

காலையில் செங்கோட்டுவேல் வந்தார். கம்ப்ரஸர்காரரும் வந்தார். தரை காய்ந்திருந்தது. பாறையின் காலடியிலிருந்து நூல்போல ஒரு தண்ணீர், கறுப்புக் கல்லில் சத்தமில்லாமல் ஓடிக் கண்ணாடிக்கு அடியில் வெளியேறியது.

“தண்ணி வர்றது நிக்கலையே?” என்றார் செங்கோட்டுவேல்.

“நிக்காதுங்க. நிறுத்தறேன்னு சொன்னது என் தப்பு. நேத்து வீடெல்லாம் பரவினதும் என் தப்பு. அது போற வழியை நான்தான் அடைச்சேன்.”

“அப்ப உடைக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்ல?”

“நிறைய இருக்குதுங்க. பேசற யோக்கியதைதான் இல்ல.”

“செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க சார்” என்றார் டீச்சர். “காப்பி போட்டிருக்கேன். குடிச்சிட்டு உடைக்கலாம்.”

செங்கோட்டுவேல் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மழை சற்று விட்டிருந்தது. நனைந்த பாறையில் அதுவரை தெரியாத செம்மை தெரிந்தது. தண்ணீரில் பட்ட வெளிச்சம் மேலே தேக்குப் பலகையில் நெளிந்தது. அவர் கால் கட்டைவிரலைக் காடியில் வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

“மொதலாளி, இஞ்சினை எங்க இறக்கறது?” என்று வாசலிலிருந்து கேட்டார் கம்ப்ரஸர்காரர்.

காப்பியில் ஆடை படிந்தது.

“கோடையில?” என்றார் செங்கோட்டுவேல்.

“காஞ்சிருமுங்க” என்றார் மாசிலாமணி.

“அப்ப மழைக்கு மழைதான் பாக்க முடியுமாக்கும்” என்று குறைப்பட்டுக்கொண்டார் செங்கோட்டுவேல். பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார்: “வந்ததுக்கு ஒரு காப்பி குடிச்சிட்டுப் போப்பா.”

எல்லாரும் போனபின் மாசிலாமணி வெளியே வந்து கல்தொட்டியைப் பார்த்தார். மண் கறுத்து ஈரமாகியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“டீச்சர், தண்ணி இப்பவும் உள்ளதான் வருது. அப்ப இது ஒழுகல் இல்லையா?”

பாறையோரம் பசை டப்பா பாதி மிச்சத்தோடு கிடந்தது. டீச்சர் அதை எடுத்து, மூடியை இறுக்கி, அவர் கையில் கொடுத்தார்.

“பத்திரமா வையுங்கண்ணா. என்னிக்காவது கூரை ஒழுகும்.”