நிறுத்திய மாத்திரை

"டாக்டர், இந்த மாத்திரை புற்றைக் கொல்லாதுன்னா அப்புறம் இது எதுக்கு?"

கேட்டவர் செல்லதுரை. வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் கட்டிகளை வெட்டி எடுத்த அறுவை மருத்துவர். பார்வை குறைந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மருந்தால் புற்றுநோயைக் கையாளும் முறையைக் கற்க வந்திருந்தார்.

கற்றுக்கொடுப்பவர் தஸ்லிமா. அவரைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"நிறுத்தும்," என்றார் தஸ்லிமா.

"எதை?"

சக்கர நாற்காலியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த பெண்ணை அவர் காட்டினார். பேச்சித்தாய். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். நுரையீரல் முழுக்கப் புற்று.

"இவங்க செல்லுக்குள்ள ஒரு நொதி கெட்டுப்போய், பெருகு பெருகுன்னு ஓயாம உத்தரவு போடுது. மாத்திரை அந்த நொதியில போய் உட்கார்ந்துக்கும். உத்தரவு நின்னுடும்."

"எல்லாருக்குமா?"

"அந்தக் கோளாறு இருக்கறவங்களுக்கு மட்டும். இவங்களுக்கு இருக்கு. சோதிச்சாச்சு."

செல்லதுரை ஸ்கேன் படத்தைப் பார்த்தார். கத்திக்கு எட்டாத நோய். மனதுக்குள் பேச்சித்தாய்க்கு ஒரு மாதம் கெடு வைத்தார்.

தினம் ஒரு மாத்திரை. அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

பதினான்காம் நாள் பேச்சித்தாய் மூன்று மாடி ஏறி நடந்து வந்தார்.

செல்லதுரை கோப்பில் இருந்த பெயரை இரண்டு தடவை படித்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்று தாராளமாகப் போய் வந்தது.

"ஐயா, நல்லாயிட்டேனா?"

முகமெல்லாம் பரு. மருந்து கொண்டுவந்த பரு. அதற்கு நடுவே கண்கள் மட்டும் பளிச்சென்றிருந்தன.

தஸ்லிமா அறையில் இல்லை.

"எல்லாம் போயிடுச்சும்மா!" என்றார் செல்லதுரை.

அடுத்த மாதம் பேச்சித்தாயை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மாத்திரை வேலை செய்யலியா?" என்று செல்லதுரை பதறினார்.

கணவர் கையைப் பிசைந்தார். "மாத்திரைய நிறுத்தி மூணு வாரமாச்சுங்க. பருவும் வயித்துப்போக்குமா பாடாப் படுத்திடுச்சு. ஐயாதான் எல்லாம் போயிடுச்சுன்னு சொன்னீங்களே. போனதுக்கு எதுக்கு மாத்திரைன்னு..."

எல்லாம் போயிடுச்சு.

முப்பது வருடமாக எத்தனையோ கட்டிலருகே நின்று செல்லதுரை சொன்ன வார்த்தை அது. வெட்டி எடுத்துவிட்டுச் சொன்ன வார்த்தை.

தஸ்லிமாவின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் சொன்னேன்."

தஸ்லிமா நிமிர்ந்து பார்த்தார்.

"திட்டுங்க டாக்டர்."

அவர் திட்டவில்லை. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிச் செல்லதுரையின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க கொடுங்க."

"இனிமே நோய் கேக்குமா?"

"கேக்கலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது. என்னைக்காவது ஒருநாள் அந்த நொதி உருமாறிடும். மாத்திரைக்கு உட்கார இடம் இருக்காது."

"அப்போ?"

"அன்னைக்குத் திரும்பச் சோதிச்சுப் பார்ப்போம்."

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார் தஸ்லிமா.

செல்லதுரை கட்டிலருகே வந்தார். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் புகட்டினார். பேச்சித்தாய் சிரமப்பட்டு விழுங்கினார். விழுங்கியதும் செல்லதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா... இந்தத் தடவை போயிடுமா?"

செல்லதுரை முகமூடியைத் திரும்பப் பொருத்தினார்.

"நாளைக்கு இதே நேரம் வருவேன்மா," என்றார். "மாத்திரையோட."